சத்தம் வரக் கூடாத கடை

காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் குளத்தில் முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு நின்று சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நிஜம். அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணினவன் கதி என்ன ஆகும் என்று சித்தூர் ஜில்லாவில் எல்லாருக்கும் தெரியும். நான் இருபது முப்பது தடவை சத்தியம் பண்ணியிருக்கிறேன். கைகால் நன்றாகத்தான் இருக்கிறது. அதிலிருந்தே என் யோக்கியதையைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஹெட்போன் ரிப்பேர் தொழிலில், கொண்டுவருகிற ஒருத்தர்கூட "நான்தான் கெடுத்தேன்" என்று சொல்ல மாட்டார். "தானா நின்னுபோச்சு அண்ணா" என்பார். எருமை மிதித்திருக்கும், சாம்பாரில் விழுந்திருக்கும், ஆனாலும் தானாகத்தான் நின்றிருக்கும். ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்டுக்கொண்டு, வயரை இரண்டு விரலால் முறுக்கிப் பிடித்தபடி ரேணிகுண்டா வரைக்கும் பஸ்ஸில் நின்றுபோன புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் நகரி பக்கத்துக் கிராமத்து ஆள். நைனா ஏர் பிடித்தார், எனக்கு ஏர் பிடிக்கவில்லை. சென்னையில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, ஊரெல்லாம் வெளிநாட்டு டேப் ரிக்கார்டர் வந்து இறங்க ஆரம்பித்த காலத்தில் திருப்பதிக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். மாடிப்படிக்குக் கீழே முக்கோணமாக ஒரு இடம். ஒரு ஓரத்தில் நிற்கலாம், இன்னொரு ஓரத்தில் குனியத்தான் முடியும். லாட்ஜ் ஓனரைப் பெத்தாயன என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். தெலுங்குக்காரர், பெரிய மனுஷர். எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அதுவும் பெரிய மனுஷத்தனத்தில் ஒரு பாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இடத்தைக் கொடுக்கும்போது ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். மலைமேல் க்யூவில் விடிய விடிய நின்றுவிட்டு வந்து தூங்குகிற ஜனம், அவர்கள் தூக்கம் கெடக் கூடாது. "சத்தம் லேது, கடை உண்டு. சத்தம் உண்டு, கடை லேது." ரேடியோ ரிப்பேர்காரன் சத்தம் இல்லாமல் ரேடியோவை எப்படிப் பார்ப்பது? ஹெட்போன் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் போட்டுப் போட்டே நான் ஹெட்போன் டாக்டர் ஆனேன். அந்தப் படிக்கட்டு நிழல்தான் என் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சோறு. அந்த இடத்தின் மேல் லாட்ஜ் மேனேஜர் நாதமுனிக்கு முதல் நாளிலிருந்தே கண். அவன் மச்சானுக்கு அங்கே ஜெராக்ஸ் மெஷின் வைக்க வேண்டும். என் கடையிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

குவைத்திலிருந்து வந்த காலி கேசட்

சத்தியவேடு பக்கத்திலிருந்து முனிரத்தினம் என்று ஒருத்தர் வந்தார். பெண்டாட்டி செல்லம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். ஊருக்குத் திரும்பின ஒரு அம்மா கையில் அவள் ஒரு வாக்மேன், ஹெட்போன், தான் பேசிப் பதிந்த ஒரு கேசட் மூன்றையும் கொடுத்தனுப்பியிருந்தாள். மனுஷன் முகம் தொங்கிப்போய் இருந்தது. "காலி கேசட்டு அண்ணா. பேசறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு காலியா அனுப்பிக்கிறா. ரெண்டு மாசமா நானும் லெட்டர் போடலை. இனிமே எதுக்குப் போடணும்?"

நான் மாட்டிக் கேட்டேன். செல்லம்மா மழைபோலக் கொட்டிக்கொண்டிருந்தாள், இடது காதில் மட்டும். அந்தக் காலத்துச் சின்ன மைக்கை ஸ்டீரியோ செட்டில் சொருகிப் பதிந்தால் ஒரு பக்கம்தான் ஏறும், அது சகஜம். ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். "கேக்குதா?" "இல்லை." மறுபடி நான் மாட்டினேன், கேட்டது. அவர் மாட்டினார், கேட்கவில்லை. ஹெட்போனுக்கு ஆள் பார்த்துப் பேசுகிற புத்தி வந்துவிட்டதா என்று எனக்கே சந்தேகம். அப்புறம் அவருக்கு இடது பக்கமாக நின்று "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். திரும்பவே இல்லை. வலது பக்கம் வந்து கேட்டேன். "குடிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார். சின்ன வயசில் காளை முட்டினதிலிருந்து இடது காது கிடையாதாம். ஹெட்போனில் எல் போட்ட பக்கம் இடது காதில்தான் இருக்கணும், மாற்றிப் போட்டால் மெஷின் புகைஞ்சுபோகும் என்று அதைக் கொண்டுவந்து கொடுத்த அம்மா சொல்லியிருக்கிறாள். இவர் இரண்டு மாதமாக அதை ஒரு இம்மி பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்.

ஹெட்போனைத் திருப்பி மாட்டிவிட்டேன். வேறு ரிப்பேர் ஒன்றும் இல்லை. முனிரத்தினம் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் அசையவில்லை. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. கேசட் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மூச்சு விடாம திட்டறா அண்ணா. நல்லாத்தான் இருக்கா!"

அன்றிலிருந்து என் தொழிலில் ஒரு சட்டம் சேர்ந்தது. வயரைப் பார், பிளக்கைப் பார், மெஷினைப் பார். கடைசியாக, ஆளுக்குத் தெரியாமல், காதைப் பார்.

புத்தூர் கட்டு

எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் புத்தூருக்குத்தான் போவார்கள். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணிக்கட்டு. புத்தூரிலிருந்து ஒரு டெய்லர் வந்தார். தலைக்கு மேல் வளைந்துபோகிற ஹெட்போன் பட்டை இரண்டாக முறிந்திருக்கிறது. அவருடைய தாய்மாமன் எலும்பு கட்டுகிறவர். என்ன செய்திருப்பார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஹெட்போனுக்கு மூங்கில் தப்பை வைத்து, முட்டை தடவி, கட்டுப் போட்டுவிட்டார். டெய்லர் அதை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துவரும்போது பின்னால் நாலு நாய்.

வயர் உள்ளே அறுந்திருக்கிறது, கட்டைப் பிரித்தால்தான் பார்க்க முடியும் என்றேன். டெய்லர் இரண்டு கையாலும் ஹெட்போனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் கெடுவாம். நடுவில் பிரித்தால் கோணலாகக் கூடிவிடுமாம். வேறு வழியில்லாமல் கட்டின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் வழியாகச் சூடு வைத்துச் சேர்த்துக் கொடுத்தேன். வெந்த முட்டை வாசனை மாடி வரைக்கும் போய், "கடையில சமையல் பண்றியா?" என்று நாதமுனி ஓடிவந்தான். சத்தத்துக்குத்தான் கண்டிஷன், வாசனைக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினேன்.

ஆறு மாதம் கழித்து அதே டெய்லர் வந்தார். இந்த முறை வயர் மட்டும்தான் கோளாறு. பட்டை என்னாச்சு என்று கேட்டேன். மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்ததாம், விழுந்த இடத்தில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டதாம், பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். அப்புறம் குரலைத் தாழ்த்தி என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "இன்னொரு பக்கத்தையும் நாமளே உடைச்சுக் கட்டிட்டா என்ன அண்ணா?"

பாடகர் காணாமல் போனார்

இது சின்ன விஷயம். பிளக் பாதி வெளியே வந்திருந்தாலோ, நடு வயர் விட்டுப்போனாலோ, பல பாட்டில் மேளம், பிடில் எல்லாம் கேட்கும், பாடுகிற ஆள் மட்டும் கிணற்றுக்குள் போய்விடுவார். உங்களில் பாதிப் பேர் இதை அனுபவித்திருப்பீர்கள். சித்தூரில் கல்யாணக் கச்சேரிகளில் பின்பாட்டுப் பாடுகிற ஒருத்தர், ஆள் ஒல்லி, குரலும் ஒல்லி, தன் ஹெட்போனை மேஜைமேல் வைத்தார். ஐந்து நிமிஷ வேலை, கொடுங்கள் என்று கை நீட்டினேன். அவர் பதறிப்போனார். இப்படிக் கெட்டுப்போய் நாலு நாளாக அந்த மேளம், பிடிலோடு சேர்ந்து அவரே முழுப் பாட்டும் பாடிப் பழகிக்கொண்டிருக்கிறாராம். இது தானாகச் சரியாகிவிடாமல் இருக்க ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கத்தான் வந்தாராம். விட்டுப்போன வயர் ஒட்டிக்கொள்ளாதபடி நடுவில் ஒரு டேப் ஒட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "இருபது வருஷமா பாடறவன் பின்னால நின்னுக்கினு இருந்தேன் அண்ணா. இப்பத்தான் வழி விட்டிருக்கான்."

ஆயுத பூஜைக்கு மறுநாள்

வாக்மேன் போய், செல்போன் வந்து, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ஓட்டை, ஒன்றின் பிளக் இன்னொன்றில் நுழையாது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலம். வருஷத்தில் ஒரு நாள் என் கடை முன்னால் மலைமேல் இருக்கிற மாதிரி க்யூ நிற்கும். அது ஆயுத பூஜைக்கு மறுநாள். எங்கள் ஜனத்துக்குப் புதுசாக எது வந்தாலும் மஞ்சள், சந்தனம், குங்குமம் வைத்தாக வேண்டும். ஆட்டோவுக்கு வைக்கிறோம், இஸ்திரிப் பெட்டிக்கு வைக்கிறோம், செல்போனுக்கு மட்டும் எங்கே வைப்பது? பொட்டு வைக்க வாட்டமாக ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது இல்லையா, ஹெட்போன் சொருகுகிற ஓட்டை? அதில் வைப்பார்கள், அதுவும் குழைத்து நன்றாக அமுக்கி.

ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தாமோதரம் வந்தான். போன் வாயைத் திறக்கவில்லை. ரிங் இல்லை, பேச்சு இல்லை, திரையில் மட்டும் ஒரு குட்டி ஹெட்போன் படம். ஈரச் சந்தனம் உள்ளே போனதில், யாரோ ஹெட்போன் சொருகிவிட்டார்கள் என்று போன் நினைத்துக்கொண்டு சத்தத்தையெல்லாம் அந்த ஓட்டைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. "சாமி இதை மௌன விரதத்துல வெச்சுக்கிறாரு அண்ணா" என்றான் தாமோதரம், கவலையே இல்லாமல். ஊசியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டான். "சந்தனத்தை எடுக்காம சத்தம் வர வைங்க." நான் சொன்னேன், சாமி உள்ளே உட்கார்ந்துகொண்டு வழி விடமாட்டேன் என்கிறார், கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்கிறேன், அவ்வளவுதான். யோசித்துவிட்டுக் கையை விட்டான்.

சுரண்டி எடுத்த சந்தனத்தைக் கீழே போட விடவில்லை, நெற்றியில் பூசிக்கொண்டான். அந்த நிமிஷம் பார்த்து போன் உயிர்பெற்று, அடைத்துவைத்த அத்தனையும் சேர்த்து ஒரு பாட்டைக் கத்தியது. நான் அதன்மேல் தலையணையைப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். ஆனால் நாதமுனி அதற்குள் படியில் நின்று நேரத்தைக் கடிதாசியில் எழுதிக்கொண்டிருந்தான். இதெல்லாம் தாமோதரத்துக்கு எங்கே தெரியும்? போகும்போது என் மேஜையைக் காட்டிச் சொன்னான்: "அந்த ஊசிக்கும் ஒரு பொட்டு வைங்க அண்ணா, அதானே வேலை செஞ்சுது."

அமெரிக்கா ஹெட்போன்

பெத்தாயனவின் மகன் அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். அங்கிருந்து அப்பாவுக்கு ஒரு பெரிய ஹெட்போன் அனுப்பினான். ஒருநாள் மத்தியானம், லாட்ஜில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் பெத்தாயன அதைத் துண்டில் மறைத்து எடுத்துக்கொண்டு வந்தார். "ஏமப்பா வேலு, இது நம்ம ஊரு போனுக்குச் சேரலை. மகன் பேசறதே கேக்க மாட்டேங்குது. பாரு."

மாட்டினேன். தூக்கிவாரிப் போட்டது. சத்தம் முழுசாக வைத்திருந்தார். என் இரண்டு காதுக்கும் நடுவே ரயில் ஓடியது. வயர் நல்லது, பிளக் நல்லது, போன் நல்லது. எனக்கு முனிரத்தினம் ஞாபகம் வந்தார். பெத்தாயனவின் பின்பக்கமாகப் போய், சாதாரணக் குரலில், "இந்தக் கடையை எனக்கே எழுதிக் குடுத்துடறீங்களா பெத்தாயனா?" என்று கேட்டேன். சாமி படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் வந்து வாயை மட்டும் அசைத்துக் காட்டினேன். "ஆமா ஆமா, வெயிலு ஜாஸ்திதான்" என்றார்.

எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. சத்தம் கூடாது என்று சட்டம் போட்ட மனுஷருக்குச் சத்தம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நாதமுனி சொல்வதுதான் அவருக்குக் காது. நேராகச் சொல்லியிருக்கலாம். காது மெஷின் என்று ஒரு வார்த்தை சொன்னால், மறுநாளே ஊருக்கெல்லாம் அவர் செவிட்டு ஓனர், லாட்ஜுக்கு ராஜா நாதமுனி. அவர் முகத்தைப் பார்த்தேன். மகன் குரல் கேட்காத முகம். என்னால் முடியவில்லை. "ஹெட்போன் நல்லது, போனும் நல்லது பெத்தாயனா. ரெண்டுக்கும் ஒத்துப்போகலை. நடுவுல ஒரு பொட்டி போடணும்" என்று எழுதிக் காட்டினேன். தொண்டை கட்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன் என்று அதையும் எழுதினேன்.

நாலு நாளில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி செய்தேன். சத்தத்தைப் பெரிசாக்குகிற சர்க்யூட், ஒரு பேட்டரி, திருகுவதற்கு ஒரு குமிழ், முன்பக்கம் ஒரு சின்ன மைக். "இந்த ஓட்டை எதுக்கு?" என்றார். சூடு வெளியே போக, என்று எழுதினேன். பாட்டு இல்லாதபோதும் போட்டுக்கொண்டே இருந்தால்தான் பெட்டி பழகும் என்றும் எழுதினேன். சட்டைப் பையில் வைத்து, ஹெட்போனை மாட்டி, குமிழைத் திருகினேன். பெத்தாயன சட்டென்று நிமிர்ந்தார். குழாய் சொட்டுகிற பக்கம் பார்த்தார், தெருவில் பூக்காரி கூவுகிற பக்கம் பார்த்தார். கடைசியாக மேலே பார்த்தார். என் கடை ஃபேன் பதினோரு வருஷமாகக் கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. என்னை ஒரு மாதிரி பார்த்துக் கேட்டார்: "ஏமப்பா, இது இன்னைக்குத்தான் கத்த ஆரம்பிச்சுதா?"

ரூம் நம்பர் பன்னிரண்டு

பெத்தாயனவுக்கு இந்த வயசில் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று லாட்ஜெல்லாம் பேச்சு. வருஷங்கள் ஓடின. தலைமேல் பெரிசாகத் தெரிகிறது, சின்னதாக ஒன்று போடு என்றார். ஒற்றைக் காதுக்குள் சொருகுகிற ஒரு குமிழும் மெல்லிசு வயரும் போட்டுக் கொடுத்தேன். அதற்குள் வயரே இல்லாத ப்ளூடூத் காலம் வந்துவிட்டது. நாதமுனியும் சளைக்கவில்லை. தாமோதரம் போன் கத்தினது முதல் அவன் சேர்த்துவைத்த கடிதாசிக் கட்டை ஒரு மார்கழி மாதம் பெத்தாயன முன்னால் வைத்தான். அவர் படித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நாளைக்கு நானே வந்து உக்காருறேன். ஒரு மணி நேரம். சத்தம் லேது, கடை உண்டு. சத்தம் உண்டு, சாயந்திரமே போர்டை எறக்கு." நாதமுனி அன்றைக்கே மச்சானுக்குப் போன் போட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்கு வண்டி பேசச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் பெத்தாயன கடை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குளிருக்குச் சால்வை, தலையைச் சுற்றி மப்ளர். கழுத்தில் வயர் தெரியவில்லை, சட்டைப் பையில் பெட்டியும் இல்லை. பாதி உயிர் வந்தது எனக்கு. பெட்டி இல்லாவிட்டால் அவர் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் ஆபத்தில்லை. ஆனால் பக்கத்திலேயே நாதமுனி கை கட்டி நிற்கிறானே, அவன் காது நரிக் காது. முக்கால் மணி நேரம் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அப்போது ரூம் நம்பர் பன்னிரண்டிலிருந்து கோதண்டம் இறங்கி வந்தார். ராமகுப்பத்துக்காரர், புது மொட்டை, மொட்டைமேல் சந்தனம். "அண்ணா, இந்த ப்ளூடூத்து சேர மாட்டேங்குது. அமுலுகூடப் பேசணும். பேசலன்னா ஊட்டுக்குள்ள உடமாட்டா."

போனை வாங்கிப் பார்த்தேன். சேரக்கூடிய மெஷின் பட்டியலில் இரண்டு இருந்தன. பேரே இல்லை, இரண்டும் வெறும் நம்பர். ஒன்றை அமுக்கினேன். சேர்ந்துவிட்டது. கோதண்டம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெண்டாட்டிக்குப் போன் போட்டார். ஒன்றும் கேட்கவில்லையே என்று என்னைப் பார்த்தார். காலையில் சுப்ரபாதம் போட நாதமுனி போன வாரம்தான் ஹாலுக்கு ஆள் உயர ஸ்பீக்கர் ஒன்று வாங்கியிருந்தான். யார் தொட்டாலும் சேர்ந்துகொள்கிற ஸ்பீக்கர். நான் அமுக்கினது அதன் நம்பர். லாட்ஜ் மூன்று மாடியும் அதிர அமுலம்மா பேச ஆரம்பித்தாள்.

"இன்னாய்யா, சாமி பாத்துக்கினியா? துன்னியா? இன்னா, வெந்நீர் ஒரே வாளியா? அந்த லாட்ஜுக்காரக் கெழவன் எவ்ளோ கஞ்சனா இருப்பான்! மொட்டை அடிச்ச தலைக்கே ஒரு வாளி பத்தாதே, ஒடம்புக்கு என்னாத்த ஊத்திக்குவ? கெழவன் அந்த வெந்நீரைச் சேத்து வெச்சு எங்க எடுத்துக்கினு போவப் போறான்?"

கோதண்டம் "அடியே, மெதுவாடி, ஊரே கேக்குது" என்று கத்த, "ஊரு கேக்கட்டும், கெழவனும் கேக்கட்டும்" என்று ஸ்பீக்கர் பதில் சொன்னது. ஒவ்வொரு ரூம் கதவாகத் திறந்தது. மொட்டைத் தலைகள் வரிசையாகக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தன. எதை அமுக்கினாலும் நிற்கவில்லை. கடைசியில் போனைப் பிடுங்கி அணைத்தேன். பெத்தாயன சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"கேட்டீங்களா பெத்தாயனா!" என்று குதித்தான் நாதமுனி.

"என்னத்த?"

"சத்தம்! எவ்ளோ சத்தம்!"

"ஏ சத்தம்? நான் இங்கதானே உக்காந்துக்கினு இருக்கேன். ஒரு சத்தமும் லேதே." பெத்தாயன அவனைக் கவலையாகப் பார்த்தார். "உனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு நாதமுனி. நல்ல டாக்டரா பாத்துக் காட்டு."

நாதமுனி என்ன பண்ணுவான்? முதலாளிக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா? கேட்டது என்று சொல்ல முடியுமா? கேட்டிருந்தால் கெழவன் என்று திட்டினதும் சேர்ந்தல்லவா கேட்டிருக்கும்? மாடியைப் பார்த்தான். அங்கே எல்லாரும் மொட்டையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். "சத்தம் லேது, கடை உண்டு" என்று பெத்தாயன தீர்ப்புச் சொன்னார். நாதமுனி வண்டிக்காரனைத் தடுக்க ஓடினான். நான் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். நல்லவேளையாகப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாரே, அந்தக் காதுக்கு ஆயிரம் நமஸ்காரம்.

பெத்தாயன எழுந்தார். நேராகப் போகாமல் என் கடைக்குள் குனிந்து வந்தார். மப்ளரை ஒரு பக்கம் லேசாக விலக்கினார். உள்ளே, காதில் அந்தக் குமிழ். சால்வையைத் தூக்கினார், வேட்டி மடிப்பில், சூடு போகிற ஓட்டை வெளிப்பக்கம் பார்க்க, என் தீப்பெட்டி. அவர் என் தோளைத் தட்டி, காதோரமாக, மெதுவாகச் சொன்னார்: "அந்தம்மா சொன்னது நியாயம்தான் வேலு. நாளையிலேர்ந்து ரூமுக்கு ரெண்டு வாளி வெந்நீர்."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, கோளாறு வயரில் இருந்தாலும், காதில் இருந்தாலும், மேனேஜரில் இருந்தாலும் "ஒத்துப்போகலை" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனசு நோகாது. அந்த லாட்ஜ் எது, இதைச் சொன்ன கிழவன் யார் என்று எவராவது உங்களைக் கேட்டால் மட்டும், தயவுசெய்து, கொஞ்ச நேரம் உங்களுக்கும் காது கேட்காமல் இருக்கட்டும்.